பாட்டு ஜாலி, வரி கஷ்டம்: எப்படிப் பாடறது?

கேள்வி: கிட்டார் கத்துக்கிட்டு இருக்கேன், அமெரிக்க கன்ட்ரி மியூசிக் குழு அலபாமா பேண்டோட 'சாங் ஆஃப் தி சவுத்' பாட்டை ஆபீஸ் ஃபங்ஷன்ல பாடப்போறேன். மெட்டு துள்ளுது, வரியெல்லாம் ஒரே கஷ்டம். கவுண்டி எதுக்கு அவங்க நிலத்த எடுக்குது, டிவிஏ-ன்னா என்ன, இத சோகமா பாடணுமா?

பதில்: சோகமா இழுக்காதீங்க, முதல்ல அத சொல்லிடறேன். பாப் மெக்டில் எழுதினது, அலபாமாவுக்கு முன்னாடியே வேற சிலர் பாடியிருக்காங்க, ஆனா 1989ல கன்ட்ரி சார்ட்ல நம்பர் ஒன் ஆனது இவங்க பாடினதுதான். அந்தப் பருத்திக்காட்டு வீட்டுப் புள்ள வளந்து பெரியாளாகி திரும்பிப் பாத்து சொல்ற கதை, அதான் அந்த வேகம்.

வால் ஸ்ட்ரீட் விழுந்ததே (1929 அக்டோபர்ல நியூயார்க் பங்குச்சந்தை சரிஞ்சது) தெரியாத அளவுக்கு ஏழைங்கன்னு வருதுல்ல, அது மிகைப்படுத்தல் இல்லீங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே அமெரிக்காவோட தெற்குல பருத்தி விவசாயி அடி வாங்கியாச்சு, முதல் உலகப்போர் முடிஞ்சு 1920ல விலை படுத்துச்சு, மெக்சிகோவுலருந்து வந்த கூன்வண்டு பருத்திக் காய தொளைச்சு மாநிலம் மாநிலமா தின்னுட்டே வந்துச்சு, மிச்சம் இருந்ததும் 1929ல பவுண்டு 16, 17 சென்ட்டுக்குப் போனது 1932ல 6 சென்ட் பக்கம் வந்துடுச்சு. வெள்ளாமை போனாலும் நிலவரி நிக்காது. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, பள்ளிக்கூடம் ரோடுன்னு எல்லாத்துக்கும் அந்த வரிதான் முக்கிய வருமானம், பாக்கி விழுந்தா நிலம் ஏலத்துக்குப் போயிடும். பாட்டு காரணம் சொல்லல, ஆனா அந்தக் காலத்துல கவுண்டி கைக்கு நிலம் போச்சுன்னா பெரும்பாலும் இதுதான்.

டிவிஏ, டென்னசி வேலி அத்தாரிட்டி. 1933 மே மாசம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆரம்பிச்சது, ஆத்துல அணை கட்டி வெள்ளத்த தடுத்து கரண்ட் எடுத்தாங்க, பாட்டுல அப்பாவுக்கு அங்கதான் வேலை கிடைக்குது. (இதே டிவிஏ நாரிஸ் அணைக்காக 3,000 குடும்பம் அளவுக்கு காலி பண்ண வெச்சதும் உண்டு, அது பாட்டுல வராது.)

இப்போ முக்கியமான இடம். அப்பா முதல்ல வாங்கறது வாஷிங் மெஷின், கார் அப்புறம்தான். 1930கள் நடுவுல அமெரிக்கப் பண்ணை வீட்டுல பத்துக்கு ஒண்ணுலதான் கரண்ட், அதனால அந்த மெஷின் அப்ப பெரிய விஷயம். உடம்பு முடியாத அம்மாவுக்குத்தான் அந்த மெஷின்னு எனக்குக் கேக்குது, ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

அதனால அம்மா படுத்துட்டாங்கன்னு வர்ற வரியில வேகத்த கொறைக்காம ஸ்ட்ரம்மிங்க மட்டும் சாஃப்ட்டாக்குங்க, வார்த்தை தெளிவா விழட்டும், வாஷிங் மெஷின் வந்ததும் முழு கையும் போட்டு வாசிங்க.