நடந்து பழக்கமில்லாதவர் உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை நடக்க உடம்பை எப்படித் தயார்படுத்துவது?

கொழும்பில் கந்தோர் வேலை, நாள் முழுக்கக் கதிரை, வயது 38, அடுத்த ஆடிக்குக் கிழக்குக் கரையில் இருக்கும் உகந்தை முருகன் கோயிலில் இருந்து காட்டுப்பாதையால் கதிர்காமம் போக விருப்பம், ஆனால் சந்திக் கடைக்குக்கூட ஓட்டோவில்தான் போவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் வெள்ளவத்தைதான். இதே நிலையில் தொடங்கி, இரண்டு தரம் அந்தக் காட்டைக் கடந்துவிட்டேன். உங்களாலும் முடியும். ஆனால் நாலு மாதம் வேண்டும், அதனால் இந்தக் கிழமையே தொடங்குங்கள்.

நாலு மாதம் எதற்கென்றால், உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மூச்சு மூன்று கிழமையிலேயே வந்துவிடும். தசைக்கு இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும். தசையை எலும்போடு கட்டும் நாண்களும், எலும்பும், உள்ளங்கால் தோலும் கடைசியாகத்தான் வரும். புதிதாக நடப்பவர்கள் மாட்டுப்படுவது இந்த இடைவெளியில்தான். களைப்பே தெரியாததால் தூரத்தைக் கூட்டிவிடுவோம்.

எனக்கும் அதுதான் நடந்தது. மூன்றாம் கிழமை, ஐந்து கிலோமீட்டரில் இருந்து நேரே பன்னிரண்டுக்குப் போனேன். வெள்ளவத்தையில் இருந்து மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடல் வரை போய்த் திரும்பும் நடை. போகும்போது ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்குக் கிட்ட முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பு ஓரமாக நோ பிடித்தது. குதிக்காலும் எரிந்தது. மதிலில் குந்திச் சப்பாத்தைக் கழற்றினால், பருத்திச் சொக்ஸ் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. குதிக்கால் தோல் நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கி, நடுவில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு கொப்புளம். அதன்பிறகு பத்து நாள் நடக்கவில்லை.

திருக்கோவிலில் இருக்கும் என் மாமி வருடா வருடம் வெறுங்காலோடு இந்த யாத்திரை போகிறவர். போனில் கதையைச் சொன்னேன். "மூச்சு வந்தா மட்டும் காணாது மனே, பாதம் வரோணும்" என்றார். அதற்குப் பிறகு என் பயிற்சி முழுவதையும் பாதத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டேன்.

முதல் மூன்று கிழமையும் கிழமைக்கு ஐந்து நாள், அரை மணித்தியாலம், கதைத்துக்கொண்டே நடக்கக்கூடிய வேகம். அவ்வளவு போதும். பிறகு வார நாட்களை அப்படியே விட்டுவிட்டு, ஞாயிறு நடையை மட்டும் கிழமைக்கு ஒரு கிலோமீட்டர், கூடினால் ஒன்றரை என்று கூட்டுங்கள். நாலு கிழமைக்கு ஒருதரம் கூட்டாமல் குறையுங்கள். எலும்பு தன்னைத் திருத்திக்கொள்வது அந்த ஓய்வில்தான். கடைசி மாதத்தில் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள். காட்டில் நாலைந்து நாள் தொடர்ந்து நடக்க வேண்டும். நேற்று நொந்த காலோடு இன்று எழும்பி நடப்பதையும் முன்கூட்டியே பழகத்தான் வேண்டும். பையையும் அப்படித்தான். முதலில் ஒரு தண்ணீர்ப் போத்தல், போகப் போக ஆறு கிலோ.

மாடிவீடு என்றால் லிஃப்டை விட்டுவிடுங்கள். ஏறுவதைவிட, மெதுவாக இறங்குவதுதான் தொடைக்கும் முழங்காலுக்கும் பலம் தரும். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிக்காலை உயர்த்தி, நாலு எண்ணி மெல்லக் கீழே இறக்குங்கள். பதினைந்து தரம், மூன்று சுற்று, ஒன்றைவிட்டு ஒருநாள். கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் இதைவிட நல்லதை நான் காணவில்லை.

கல்பதித்த நடைபாதையில் மட்டும் பழகிவிட்டு அங்கே போகாதீர்கள். வழியில் கும்புக்கன் ஆற்றைத் தாண்டினால் யால தேசிய வனப்பூங்கா. நான் நடந்த பாதையில் பெரும்பகுதி மணல், கால் புதையும். மாதத்தில் இரண்டு தரமாவது தெஹிவளைக்கும் கல்கிசைக்கும் இடையில் கடற்கரை மணலில் நடங்கள். கரை கடல்பக்கம் சரிந்திருக்கும், அதனால் போன வழியாலேயே திரும்பி வாருங்கள். இல்லாவிட்டால் ஒரு முழங்கால்தான் எல்லாப் பாரத்தையும் வாங்கும்.

சப்பாத்தைப் பின்னேரம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் வேண்டும். பருத்திச் சொக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கெதியாகக் காய்கிற செயற்கை நூல் சொக்ஸ் நல்லது. ஓரிடம் சூடாக உரசுவது தெரிந்தவுடன் நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், அடுத்த நிறுத்தம் வரட்டும் என்று பொறுக்காதீர்கள். நேர்த்தி வைத்து வெறுங்காலோடு நடக்கப் போகிறீர்கள் என்றால், காலைநேரத்து மணலில் பத்து நிமிடத்தில் தொடங்கி மாதக்கணக்காகக் கூட்ட வேண்டும். மாமியின் பாதம் அறுபது வருடத்தில் வந்தது.

வெயிலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கொழும்பில் ஈரக்காற்று, சேட்டு முதுகோடு ஒட்டும், வியர்ப்பது தெரியும். ஆனி, ஆடியில் கிழக்கில் கச்சான் காற்று வீசும். வியர்வை வந்தவுடனேயே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது தெரியவே தெரியாது. உடம்பு வெக்கைக்குப் பழகப் பத்துப் பதினாலு நாள் தொடர்ந்து வெயிலில் நடக்க வேண்டும். அதனால் கடைசி மாதத்தில் காலை ஐந்தரை மணி நடையை மெல்ல மெல்ல எட்டு, ஒன்பது மணிக்குத் தள்ளுங்கள். வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலையிடியும் சத்தியும் வரும். இடைக்கிடை ஜீவனி (பார்மசியில் விற்கும் உப்பும் குளுக்கோசும் கலந்த தூள்) கரைத்துக் குடியுங்கள், செவ்விளநீர் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் காணவில்லை என்று அர்த்தம்.

நோவைப் பிரித்தறியுங்கள். மறுநாள் தொடை முழுக்க உளைந்து, இரண்டு நாளில் போனால் பயமில்லை. எலும்பில் விரல்நுனியால் அழுத்தும்போது ஒரே புள்ளி மட்டும் சுரீரென்று நொந்தாலோ, இரவு படுத்திருக்கும்போதும் நொந்தாலோ, நடையை நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள். சீனி வருத்தமோ பிரஷரோ இருந்தால் தொடங்குவதற்கு முன்பே போய்க் குளுசைகளைப் பற்றிக் கேளுங்கள். சீனி உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். கொப்புளம் வந்ததே தெரியாமல் நடந்துவிடுவார்கள். தினமும் இரவில் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கடைசிக் கிழமை நடையைப் பாதியாகக் குறையுங்கள். நகத்தைப் புறப்பட மூன்று நாளுக்கு முன்பே நேராக வெட்டுங்கள். கொழும்பில் இருந்து பொத்துவிலுக்கு இரவு பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டபடி போனால் விடியும்போது பாதம் வீங்கியிருக்கும். அந்தக் காலோடு நேரே காட்டுக்குள் இறங்காமல், உகந்தையில் ஒரு இரவு கோயிலடியில் காலை நீட்டிப் படுத்துவிட்டு, அடுத்தநாள் விடியப்புறம் வெளிக்கிடுங்கள்.