முதுமைச் சொற்களும் நடை வேகமும்: சோதனை பலிக்காதவருக்கு

வணக்கம். முதுமையைக் குறிக்கும் சொற்களைப் படித்த மாணவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்று எதிர்பார்த்து 40 பேரிடம் சோதித்தும் எந்த வேறுபாடும் தெரியவில்லை, ஆய்வேடு வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது, தவறு உங்களுடையதுதான் என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

உளவியலாளர் ஜான் பார்க் குழுவினர் 1996இல் வெளியிட்ட அந்தச் சோதனையை, பிரஸ்ஸல்ஸ் நகரில் ஸ்டெஃபான் டொயென் குழுவினர் 120 பேரை வைத்துத் திரும்பச் செய்து 2012இல் வெளியிட்டார்கள். நடை நேரத்தை அகச்சிவப்பு உணரிகளால் அளந்தபோது வேகம் குறையவில்லை. அடுத்த சோதனையில், பங்கேற்பவர் மெதுவாக நடப்பார் என்று சோதனை நடத்துபவரிடமே முன்கூட்டிச் சொல்லிவைத்தபோதுதான் நடை தளர்ந்தது. ஆகவே, தாழ்வாரத்தில் ஸ்டாப்வாட்ச் பிடித்து நின்றவர் யார், எந்தச் சொல்தாள் யாருக்குப் போனது என்பது அவருக்குத் தெரியுமா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். என் பார்வையில் உங்கள் ஆய்வின் உயிர்நாடி அதுதான்.

இதை வைத்து முன்தூண்டல் (முன்பு பார்த்த ஒரு சொல் அடுத்த எண்ணத்தையோ செயலையோ நம்மை அறியாமல் பாதிப்பது) முழுவதுமே பொய் என்று எழுதிவிடாதீர்கள். 'மருத்துவர்' என்ற சொல்லைப் பார்த்தவர் 'செவிலியர்' என்பதை விரைவாக அடையாளம் காண்பது 1971 முதல் பலமுறை உறுதிப்பட்ட செய்தி. முடிவெடுத்தலைத்தான் ஆராய விரும்பினால், நங்கூர விளைவை, அதாவது முதலில் கண்ட எண்ணின் பக்கம் நம் மதிப்பீடு சாய்வதை, எடுத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 10 அல்லது 65இல் மட்டுமே நிற்கும் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டபோது, விடைகளின் இடைநிலை மதிப்பு 10ஐப் பார்த்தவர்களிடம் 25, 65ஐப் பார்த்தவர்களிடம் 45 என்று பிரிந்தது. அதற்குத் தாளும் பேனாவும் போதும். அதே மாணவர்களை அழைக்காமல் புதியவர்களிடம் செய்யுங்கள்.