வேகம் எடுத்தால் என் 18 அடி பைபர் போட்டின் அணியம் (முன்முனை) துள்ளுகிறது, இடப்பக்கம் சாய்கிறது. புரொப்பெல்லர் மாற்றியும் சரிவரவில்லை. வேறு என்ன பார்க்கலாம்?

நானும் முதலில் மாற்றியது புரொப்பெல்லரைத்தான். அது சரிவராமல், இஞ்சின் காலில் பூட்டுகிற பிளாஸ்டிக் செட்டை (இறக்கை) ஒன்றையும் வாங்கினேன். இரண்டுக்கும் போன காசுக்கு நல்ல வலை ஒன்று வாங்கியிருக்கலாம். கடைசியில் பார்த்தால் இஞ்சின் ஒரு பாவமும் அறியாதது. குறை முழுக்கப் போட்டில் இருந்தது. அதனால் இஞ்சினுக்குக் கடைசியில்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் போட் மட்டக்களப்பு நாவலடிக் கடற்கரையில் பல வருடம் தொழில் செய்து ஓய்ந்தது. உங்களுடையதைப் போலவே 18 அடி. 25 எச்.பி டூ ஸ்ட்ரோக், கையால் பிடித்து ஓட்டுவது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைகளில் அவசர அவசரமாகக் கட்டி இறக்கிய பைபர் போட்களில் ஒன்று என்றுதான் விற்றவர் சொன்னார். நான் மீனவன் இல்லை, கல்லடியில் சின்னக் கராஜ் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாவியில் தூண்டில் போடவும், காற்று விழுந்த நாளில் முகத்துவாரம் (வாவி கடலில் சேரும் வாய்) தாண்டி ஒரு எட்டுப் போய் வரவும் வாங்கினேன்.

முதல் நாள் கல்லடிப் பாலத்துக்குக் கீழால் போய் இஞ்சினை முறுக்கியதுமே விஷயம் விளங்கிவிட்டது. வாவி கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது, ஒரு அலை இல்லை. அணியம் எழும்பி, பட்டென்று விழுந்து, திரும்ப எழும்புகிறது. நடுவில் வைத்த பெற்றோல் கான் ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு சாண் நகர்ந்து என் காலடிக்கு வந்து சேர்ந்தது. கான் அங்கே வந்ததும் துள்ளல் இன்னும் கூடிற்று. அந்தக் கான் அன்றைக்கே எனக்குப் பாதி விடையைச் சொல்லியிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

வேகம் எடுத்த போட் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதில்லை, தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்போது தண்ணீரில் படுவது பின்பக்க அடிப்பாகம் மட்டும். பாரமும் அங்கேயே குவிந்திருந்தால் அணியம் தூக்கும். தூக்கியதைத் தாங்கிக்கொள்ள முன்பக்க அடியில் தண்ணீர் இல்லை, உடனே விழும். விழுந்ததும் மறுபடி தூக்கும். இஞ்சின் ஐம்பது கிலோ அளவு, ஓட்டுகிற நீங்கள் ஒரு எழுபது, 25 லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய 18 கிலோ. அதோடு நங்கூரம், ஐஸ் பெட்டி. எல்லாம் கடைசி நாலு அடிக்குள் இருக்கிறதா என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள்.

சோதிக்க ஒரு சதமும் செலவில்லை. இரண்டு கூட்டாளிகளை முன்பக்கம் உட்கார வைத்து அதே வேகத்தில் ஓட்டுங்கள். துள்ளல் நின்றால் பாரம்தான் காரணம். கானையும் நங்கூரத்தையும் முன்னுக்குக் கொண்டுபோய், நகராதபடி கட்டுங்கள். இஞ்சின் பிடியில் ஒரு எஸ்லோன் (பிவிசி) பைப்பை இறுக்கமாகச் செருகி, ஓட்டுபவரும் இரண்டடி முன்னால் உட்காரலாம். ஆனால் இஞ்சினை நிறுத்துகிற சிவப்புக் கயிறு அந்தத் தூரத்துக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்று கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த விளையாட்டு வேண்டாம்.

அடுத்தது இஞ்சின் சாய்வுக் கம்பி. பின்பலகையில் இஞ்சினைக் கவ்விப் பிடிக்கும் இரும்பில் நாலைந்து ஓட்டைகளும் குறுக்கே ஒரு கம்பியும் இருக்கும். கம்பி பின்பலகையை விட்டுத் தள்ளிப் போகப் போக அணியம் தூக்கும், கிட்ட வர வர அணியம் தாழும். துள்ளினால் ஒரு ஓட்டை கிட்டக் கொண்டுவாருங்கள். ஒன்று போதும். இங்கே பலர் செய்கிற பிழை, துள்ளுகிறதே என்று ஒரேயடியாகக் கடைசி ஓட்டைக்குக் கொண்டுவருவது. வாவியில் அது பரவாயில்லை, தண்ணீர் தெறிக்கும், பிடி கனக்கும், அவ்வளவுதான். முகத்துவாரத்தில் கதை வேறு. கடலில் இருந்து திரும்பி வரும்போது அலை பின்னால் தள்ளும், தாழ்ந்த அணியம் முன் அலையில் குத்தும், போட் குறுக்கே திரும்பிவிடும். குறுக்கே திரும்பிய போட்டை அடுத்த அலை கவிழ்க்கும். அதனால் எந்த மாற்றத்தையும் விடியற்காலையில், காற்றுக்கு முன்னம், வாவிக்குள் சோதித்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

நான் பாரத்தையும் மாற்றினேன், கம்பியையும் மாற்றினேன். துள்ளல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இங்கேதான் மாமா வந்தார். நாற்பது வருடம் கடலில் கிடந்த மனிதர். போட்டைக் கவிழ்த்துப் போடச் சொன்னார். பின்பலகையும் அடியும் சந்திக்கிற விளிம்பில் பெருவிரலை வைத்து ஒரு முனையில் இருந்து மறு முனை வரை தடவிக்கொண்டே போனார்.

“இஞ்ச பாருகா மருமகன், தண்ணி எந்த இடத்தில விடுபடும் எண்டு நினைக்கிறாய்?”

நானும் தடவிப் பார்த்தேன். கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்பு சவர்க்காரக் கட்டி மாதிரி வழவழவென்று உருண்டிருந்தது. கரையில் மணலுக்கு மேல் இழுத்து இழுத்துத் தேய்ந்திருக்கிறது. பிறகு பைபர் வேலை செய்தவர் மட் (பைபர் நார் விரிப்பு) ஒட்டி, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கிரைண்டர் பிடித்து இன்னும் உருட்டியிருக்கிறார்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வீட்டுக் குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, ஒரு கரண்டியின் காம்பு நுனியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அதன் முதுகைத் தண்ணீரில் மெல்லத் தொட விடுங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளும் என்றுதான் நினைப்போம். தள்ளாது, உள்ளே இழுக்கும். வளைந்த முதுகில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வளைந்து போகிறது, அந்த வளைவுதான் கரண்டியை இழுக்கிறது. உருண்ட விளிம்பிலும் அதேதான் நடக்கிறது. தண்ணீர் விளிம்பில் வெட்டுப்பட்டு விடுபடாமல் பின்பலகையைச் சுற்றி ஏறப் பார்க்கிறது, போட்டின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கிறது. பின்பக்கம் தாழ்ந்தால் அணியம் எழும்பும். மேசன்மார் பூச்சுக்கு இழுக்கிற நீளமான அலுமினியச் சட்டத்தை வாங்கி, அடியில் பின்பலகையில் இருந்து முன்னோக்கி ஐந்தடிக்கு வைத்துப் பாருங்கள். சட்டம் நடுவில் தட்டி இரு முனையிலும் வெளிச்சம் தெரிந்தால் வயிறு தள்ளியிருக்கிறது, அது துள்ள வைக்கும். முனைகளில் தட்டி நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிந்திருக்கிறது, அது அணியத்தைத் தண்ணீருக்குள் அமுக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி என்றால் நான் சும்மா விடமாட்டேன்.

திருத்திய விதம்: பழைய ஜெல்கோட்டை (மேல் பூச்சை) பைபர் தெரியும்வரை உரசி, வெயிலில் நாலு நாள் காயவிட்டோம். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது, மாரி காலத்தில் இந்த வேலையே வேண்டாம். பொலித்தீன் சுற்றிய நேரான பலகைத் துண்டு ஒன்றைப் பின்பலகையோடு இறுக்கி, விளிம்புக்கு மேல் கொஞ்சம் நீட்டி நிறுத்தினோம். அது அணை மாதிரி. அதற்குள் நார் விரிப்பையும் ரெசினையும் வைத்து மூலையை நிரப்பி, காய்ந்த பிறகு பலகையைக் கழற்றிச் சட்டத்தை வைத்துப் பார்த்துப் பார்த்து உரசினோம். விளிம்பு கையைக் கீறுகிற மாதிரி வந்ததும் மாமா “போதும்” என்றார். தண்ணீரில் இறக்கி முறுக்கினேன். கான் வைத்த இடத்திலேயே இருந்தது.

சரி, சாய்வு. முதலில் கச்சான் காற்று ஒரு பக்கமாக அடிக்கும் நேரம் போகவும் வரவும் ஓட்டிப் பாருங்கள். வேகமாக ஓடுகிற போட் காற்று வருகிற பக்கம் சாயும். திரும்பி வரும்போது சாய்வும் பக்கம் மாறினால் அது காற்றின் வேலை, போட்டில் பிழை இல்லை. மாறவில்லை என்றால்தான் தேட வேண்டும். வலச்சுற்றுப் புரொப்பெல்லர் போட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் சரிக்கும், அதனால்தான் வலப்பக்கம் உட்கார்ந்து இடக்கையால் பிடியைப் பிடிக்கிறோம். நீங்கள் இடப்பக்கம் உட்காருகிற ஆளா?

என் போட்டில் அதுவும் இல்லை. இடப்பக்கப் பெட்டிக்குள் மிதக்க வைக்க அடைத்திருந்த ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) வருடக்கணக்காகத் தண்ணீர் குடித்திருந்தது. உட்பக்கமாக, அடியில் படாமல், பெட்டியின் கீழ் மூலையில் சின்னத் துளை போட்டதும் மஞ்சள் தண்ணீர் வடியத் தொடங்கி, மறுநாள் காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே வெட்டித் திறந்து ரெஜிபோமை எடுத்தோம், ஒரு துண்டை ஒரு கையால் தூக்க முடியவில்லை. எடுத்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள், போட் கவிழ்ந்தால் மிதக்க வைப்பது அந்தப் பெட்டிதான். மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கான்களை நெருக்கமாக அடுக்கி மூடினேன்.

இனி இஞ்சின். புரொப்பெல்லருக்கு நேர்மேலே உள்ள பெரிய தகடு போட்டின் அடியோடு சமமாக, அல்லது அதிலிருந்து ஒரு அங்குலத்துக்குள் கீழே இருக்க வேண்டும். 15 அங்குலப் பின்பலகையில் 20 அங்குலக் கால் இஞ்சினைப் பூட்டினால் ஐந்து அங்குலம் கூடுதலாக இறங்கும், தண்ணீர் பீய்ச்சும், பிடி இழுக்கும். மேலே நின்றால் திருப்பத்தில் காற்றை உறிஞ்சி இஞ்சின் வெறுமனே கத்தும். பிடி எப்போதும் ஒரு பக்கம் இழுத்தால், தகட்டுக்குக் கீழே இருக்கிற சின்ன வால் துண்டின் போல்ட்டைத் தளர்த்தி, போட் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே வாலின் பின்முனையைக் கொஞ்சம் திருப்புங்கள். உப்பு அரிப்பை அந்த வால் துண்டு தன் மேல் வாங்கிக்கொள்கிறது, அதற்குப் பெயின்ற் அடிக்காதீர்கள்.

அந்தப் பிளாஸ்டிக் செட்டை இன்னும் கராஜ் சுவரில் தொங்குகிறது. அதைப் பூட்டத் தகட்டில் போட்ட நாலு ஓட்டையும் அப்படியே இருக்கிறது, பார்க்கிற நேரமெல்லாம் எரிச்சல் வரும்.

நீங்கள் கூட்டாளிகளை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பின்பலகையின் கீழ் விளிம்பைப் படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. பக்கவாட்டில் குனிந்து எடுங்கள், நேர் பின்னால் நின்று எடுத்தால் வளைவு தெரியாது.