கிழமைக்கு ஒருதரம் சந்தை, பிரிஜுக்குள் கீரை

கேள்வி: எனக்கு 54 வயது. கொக்குவிலில் இருக்கிறோம். கணவருக்கு ஏழு வருடமாக நீரிழிவு. ஞாயிறு காலையில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், ஒரு கிழமைக்கான மரக்கறி, பழம் எல்லாம் வாங்கிவந்து கழுவி பிரிஜில் வைத்துவிடுவேன். புதனுக்குள் கீரை அழுகிவிடுகிறது. பிரிஜில் வைத்தால் சத்துப் போய்விடும் என்கிறார் மாமி. மருந்தடித்த மரக்கறி என்ற பயமும் இருக்கிறது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்துவிட்டது, இவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: மாமி சொல்வது பாதி சரி. சத்தைக் குறைப்பது பிரிஜ் அல்ல, கழிந்துபோகும் நாட்கள். வெளியே வாடிக்கிடக்கும் கீரை உயிர்ச்சத்து சி-யை இன்னும் வேகமாக இழக்கும். ஆனால் எனக்கு விளங்காதது ஒன்று. கோப்பாயில் காலையில் பிடுங்கிய முளைக்கீரை பகலுக்குள் சட்டிக்கு வரக்கூடிய ஊரில் இருந்துகொண்டு, நாலு நாள் பழசை ஏன் சாப்பிடவேண்டும்? மலைநாட்டிலிருந்து லொறியில் வரும் கரட், கோவா, பீட்ரூட் ஒரு கிழமை தாங்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு அவை போதும். கீரையையும் வெண்டிக்காயையும் இரண்டு நாளைக்கு ஒருதரம், கொஞ்சமாக வாங்குங்கள்.

கீரை அழுகுவதற்குக் காரணம் நீங்கள் கழுவி வைப்பதுதான். ஈரம் நின்றால் பூஞ்சணமும் கிருமியும் பெருகும். மண்ணை உதறி, பழுத்த இலையை எடுத்துவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சமைக்கும்போது கழுவலாம், அதுவும் வெட்டுவதற்கு முன். வெட்டியபின் ஊறவைத்தால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

வாழைக்குலையை பிரிஜில் வைக்காதீர்கள், குளிரில் தோல் கறுத்துப்போகும். தக்காளிப்பழம் மணத்தை இழக்கும். உருளைக்கிழங்கின் மாப்பொருள் குளிரில் சர்க்கரையாக மாறும், அது உங்கள் வீட்டுக்குத் தேவையில்லாத வேலை. அதை இருட்டான, காற்றோட்டமான இடத்தில், வெங்காயத்திலிருந்து தள்ளி வையுங்கள். பச்சை பிடித்த கிழங்கை எறிந்துவிடலாம்.

மருந்து விஷயம். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பதில் நிறையப் போய்விடும். செடிக்குள் ஊறியது எந்த உப்புத் தண்ணீருக்கும் மஞ்சளுக்கும் போகாது. சவர்க்காரம் வேண்டவே வேண்டாம். கத்தரிக்காயில் ஒரு புழுத்துளை இருந்தால் மருந்து குறைவு என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு உத்தரவாதம் இல்லை, இருந்தாலும் நானும் அப்படித்தான் வாங்குகிறேன். கத்தரி மினுக்கமாக, கையில் பாரமாக, காம்பு பச்சையாக இருக்கவேண்டும். வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தால் வியாபாரி பேசுவார், ஆனால் அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

உண்மையில் மருந்தைவிட எனக்குப் பெரிய கவலை கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியிலிருந்து கிணற்றுக்குக் கிருமி போவது சுலபம். நெருப்புக்காய்ச்சலும் (டைபொயிட்) யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. கறியாக வேகும் மரக்கறிக்குப் பயமில்லை. வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணிச் சம்பல், தோலோடு கடிக்கும் கொய்யா இவற்றையெல்லாம் கடைசியாக ஒருதரம் கொதித்தாறிய தண்ணீரில் அலசி எடுங்கள். வெட்டிய பழத்தை இரண்டு மணித்தியாலத்துக்குமேல் வெளியே வைக்கவேண்டாம். வெயில் 32 பாகை தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான்.

எவ்வளவு சாப்பிடவேண்டும்? ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் உருளைக்கிழங்கு சேராது. சோற்றோடு கிழங்குப் பிரட்டலை வைத்துவிட்டு மரக்கறி சாப்பிட்டதாகக் கணக்குக் காட்டும் நோயாளிகளை கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன்.

சரி, மாம்பழம். கொடுக்கலாம். சிறிய பழத்தில் பாதி, ஜூஸாக அடிக்காமல், சோறு சாப்பிட்ட கையோடு அல்லாமல் பின்னேரம். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் சீனியைப் பாருங்கள், அவருடைய உடம்பே அளவைச் சொல்லிவிடும். அன்றைக்கு வாழைப்பழம் வேண்டாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் பழம், கீரை இரண்டிலும் உள்ள பொட்டாசியத்தைக் கவனிக்கவேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை செய்து கனநாள் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

கொட்டையைச் சூப்புவது கணக்கில் வராது என்று அவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.