ஒன்பதே கால் மணி நேரம் எப்படி 9.15 ஆனது?

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். வேலைக்கு 7 பேர். வந்துபோகும் நேரத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அதை வைத்துச் சம்பளக் கணக்குப் போடுவது என் மகன். குத்துவிளக்குத் தேய்க்கும் அக்கா, ஓவர்டைமில் 150 ரூபாய் குறைகிறது என்கிறார். நாலு தடவை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாச்சு, கணக்கு சரியாகத்தான் வருகிறது. கைரேகை மெஷின் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். அந்த அக்கா சொல்வதுதான் சரி.

முகூர்த்த நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை 9:40-க்கு வந்து 1:25-க்குச் சாப்பிடப் போயிருக்கிறார்: 3 மணி 45 நிமிடம். 2:30 முதல் 6:20 வரை 3 மணி 50 நிமிடம். பிறகு 7:20 முதல் 9 வரை 1 மணி 40 நிமிடம். கூட்டினால் 9 மணி 15 நிமிடம். இதுவரை உங்கள் மகன் தப்பே செய்யவில்லை. அதைக் கால்குலேட்டரில் 9.15 என்று அடித்தாரே, அங்கேதான் சறுக்கல். மணிக்கு 60 நிமிடம். 15 நிமிடம் என்பது கால் மணி, அதாவது 0.25. நிமிடத்தை 60-ஆல் வகுத்த பிறகுதான் கூலியால் பெருக்க வேண்டும்.

நாள் கூலி 600, வேலை 8 மணி நேரம் என்றால் மணிக்கு 75 ரூபாய். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி, ஆக மணிக்கு 150. 8 மணி போக மீதி ஒண்ணேகால் மணி நேரத்துக்கு 187 ரூபாய் 50 காசு வர வேண்டும். 1.15 என்று போட்டதால் 172 ரூபாய் 50 காசுதான் வந்திருக்கிறது. நாளுக்கு 15 ரூபாய், அப்படி 10 நாள். அவர் விரல்விட்டு எண்ணியே கண்டுபிடித்திருக்கிறார். பாக்கியை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், மற்ற ஆறு பேர் கணக்கையும் பின்னோக்கிப் பாருங்கள்.

அதே சட்டம் ஓவர்டைமுக்கும் வரம்பு வைத்திருக்கிறது: அதையும் சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் போகக் கூடாது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். உங்கள் நோட்டில் அது சரியாக இருக்கிறது, சந்தோஷம்.

சரி, மெஷின். வாங்கலாம், ஆனால் முழுப் பணம் கொடுக்கும் முன் ஏழு பேர் விரலையும் வைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் புளியும் பொடியும் போட்டுப் பித்தளை தேய்த்த விரலில் ரேகை மழுங்கியிருக்கும். மெஷின் மூன்று தடவை 'மறுபடி வையுங்கள்' என்று சொல்வதற்குள் அவர் தாமதமாக வந்தவர் ஆகிவிடுவார். அட்டையும் ஏற்கிற மெஷினாக, கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி உள்ளதாக, பதிவை எக்ஸலாக இறக்கித் தருவதாகக் கேளுங்கள். 'தாமதம்' என்பதை எத்தனை நிமிடத்துக்குப் பிறகு, எவ்வளவு பிடிப்பது என்ற அமைப்பையும் உங்கள் கண் முன்னால் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் 11 நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் போனது. கேட்டால் "மெஷின் பிடிச்சது" என்றார்கள். அந்த எண்ணை மெஷினில் வைத்தது ஒரு மனிதர்தானே?

நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். 2018-இல் கஜா புயலுக்கு அப்புறம் டெல்டாவில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம்!

கேள்வி: மன்னார்குடி அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். இரவு 10-க்கு வந்து காலை 6-க்குப் போகும் காவலாளிக்கு எக்ஸலில் வெறும் வேலிக் குறிகள்தான் (####) வருகின்றன. ஏன்?

பதில்: எக்ஸலுக்கு ஒரு முழு நாள் என்பது 1, அதில் 6 மணி என்பது 0.25. காலை 6-இல் இருந்து இரவு 10-ஐக் கழித்தால் மைனஸில் போகிறது. மைனஸ் நேரத்தை அதற்குக் காட்டத் தெரியாது. போன நேரம் வந்த நேரத்தைவிடச் சிறியதாக இருந்தால் 1 கூட்டிவிட்டுக் கழியுங்கள். விடையை 24-ஆல் பெருக்கி, கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்றினால் 8 என்று வரும். மாத மொத்தத்தையும் இந்த எண்களை வைத்தே கூட்டுங்கள். நேர வடிவத்திலேயே விட்டால் 24-ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்தில் இருந்து காட்டும். ஆறு இரவு வேலை பார்த்தவருக்கு 48 மணிக்குப் பதில் 0:00 என்று நிற்கும்.