பேங்காக்ல விசா நீட்டிக்க நாள் முழுக்க கியூவுல நிக்கணுமா? வயசான அப்பா அம்மாவை எப்படி கூட்டிட்டு போறது?

கேள்வி: மனைவியோட பிரசவத்துக்காக மாமனாரும் மாமியாரும் ஊர்ல இருந்து பேங்காக் வந்திருக்காங்க. இன்னும் ஒரு மாசம் இருந்தா நல்லாருக்கும். செங் வத்தனா இமிக்ரேஷன் ஆபீஸ்ல ரொம்ப கூட்டம்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க, மாமியாருக்கு முழங்கால் வலி வேற. எப்படி சமாளிக்கலாம்?

பதில்:

முதல்ல வாழ்த்துகள், தாயும் புள்ளையும் நல்லா இருக்கட்டும். எங்க வீட்லயும் இதே நிலைமைதான், பொண்ணு பொறந்தப்ப அம்மாவும் அப்பாவும் வந்திருந்தாங்க, அம்மாவுக்கு சுகர், அப்பாவுக்கு ரொம்ப நேரம் காலை தொங்கப்போட்டு உக்காந்தா வீங்கிடும், அவங்க ரெண்டு பேரையும் நான்தான் கூட்டிட்டு போனேன். அது போக என்னோட வேலை விசாவுக்கும் வருஷா வருஷம் போறேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அங்க ஒரு மனுஷனோட நாளை முழுங்கறது எதுன்னா, பேப்பர்ல ஏதோ ஒண்ணு குறையுதுன்னு கவுண்டர்ல சொல்லி, அதை எடுத்துட்டு வந்து மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கறதுதான். ஃபைல் சுத்தமா இருக்கறவங்க வேலை முடிஞ்சு கிளம்பிடறாங்க, ஒரு ஜெராக்ஸ் இல்லாதவங்க சாயந்திரம் வரைக்கும் அங்கயே சுத்திட்டு இருக்காங்க. காலைல அஞ்சு மணிக்கே போய் நில்லுன்னு உங்களுக்கு பத்து பேர் சொல்லுவாங்க, வயசானவங்களை வெச்சுக்கிட்டு அதை செய்யாதீங்க. முந்தின நாள் ராத்திரி டேபிள்ல உக்காந்து பேப்பர் அடுக்கற ரெண்டு மணி நேரம்தான் மாமியாரோட முழங்காலை காப்பாத்தும்.

தேதில இருந்து ஆரம்பிக்கலாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 நவம்பர் 10ல இருந்து விசா இல்லாம 30 நாள்னு வந்துச்சு, 2024 ஜூலை 15ல இருந்து அதை 60 நாள் ஆக்கினாங்க, இந்த விதி எல்லாம் மாறிக்கிட்டே இருக்கற விஷயம், அதனால யார் என்ன சொன்னாலும் ஏர்போர்ட்ல பாஸ்போர்ட்ல குத்தின ஸ்டாம்ப்ல எந்த தேதி வரைக்கும்னு போட்டிருக்கோ அதை மட்டும் பாருங்க. ரெண்டு பேர் பாஸ்போர்ட்டையும் தனித்தனியா பாருங்க, ஒண்ணா வந்தாங்கன்னு ஒரே தேதியா இருக்கும்னு நினைச்சுக்காதீங்க. வந்து இறங்கின நாளும் கணக்குல சேரும்.

நிறைய பேர் கடைசி ரெண்டு நாள் வரைக்கும் தள்ளிப்போடறதுக்கு ஒரு தப்பான எண்ணம் காரணம், முன்னாடியே போய் நீட்டிச்சா மிச்சம் இருக்கற நாள் வீணாயிடும்னு. ஆகாது. பழைய தேதி முடியற இடத்துல இருந்துதான் புது 30 நாளை சேர்த்து போடுவாங்க, ஒரு நாள்கூட குறையாது. அதனால ஒரு வாரம் பத்து நாள் கையில இருக்கும்போதே போயிடுங்க, அன்னிக்கு ஏதாவது குறைஞ்சாலும் இன்னொரு நாள் நிதானமா வரலாம். ஆபீஸ்ல பாதி டென்ஷன் முகங்க எல்லாம் நாளைக்கு தேதி முடியறவங்க முகம்தான். தேதி தாண்டினா ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம், 20,000 வரைக்கும் ஏறும், 90 நாளுக்கு மேல போச்சுன்னா நாமளா கிளம்பினாலும் ஒரு வருஷம் உள்ளயே வர முடியாது.

அடுத்தது எந்த ஆபீஸ். இது முக்கியம், ஏன்னா செங் வத்தனா பேங்காக் விலாசத்துக்காரங்களுக்குத்தான். நம்ம ஆளுங்க நிறைய பேர் வாடகை கம்மின்னு சாம்ரோங் பக்கம் இருக்காங்க, அது சமுத் பிராகான் மாகாணம், பாக் கிரெட் பக்கம் இருந்தா அது நோந்தபுரி, ரெண்டும் தனி ஆபீஸ். பாக் கிரெட்ல இருந்து செங் வத்தனா கூப்பிடு தூரம்தான், இருந்தாலும் உங்க விலாசம் எந்த மாகாணமோ அங்கதான் போகணும். வாடகை ஒப்பந்தத்துல எழுதியிருக்கற மாகாணத்தை ஒரு தடவை பாத்துக்கங்க.

இப்ப பேப்பர். டிஎம்.30 பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. வெளிநாட்டுக்காரங்க ஒருத்தர் வீட்ல தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள இமிக்ரேஷனுக்கு தெரிவிக்கணும்னு 1979 இமிக்ரேஷன் சட்டத்துலயே இருக்கு. ஹோட்டல்ல தங்கினா அவங்களே பண்ணிடுவாங்க, உங்க காண்டோல (அடுக்குமாடி வீட்ல) தங்கினா வீட்டு ஓனரோ, வாடகைக்கு இருக்கற நீங்களோ பண்ணணும். நமக்கு பண்ணியாச்சே, மாமனார் மாமியார் விருந்தாளிங்கதானேன்னு இதை யாரும் யோசிக்கறதில்ல. அவங்க பேருக்கு தனியா ஒரு ரசீது இருக்கணும். பண்ணலைன்னா இன்னிக்கே ஓனருக்கு மெசேஜ் போடுங்க, ஆன்லைன்லயும் பண்ணலாம், ஆனா புதுசா பதிவு பண்றவங்களுக்கு அனுமதி வர நாள் ஆகும். கவுண்டர்ல இருந்து திரும்பி வர்றவங்களை அங்க உக்காந்து பாத்தா பாதி பேர் கையில போன் வெச்சுக்கிட்டு ஓனரைத்தான் கூப்பிட்டுட்டு இருப்பாங்க.

மத்தது எல்லாம் சுலபம். நீட்டிப்பு கேக்கற விண்ணப்பம்தான் டிஎம்.7 ஃபாரம், அது ஆளுக்கு ஒண்ணு, இமிக்ரேஷன் வெப்சைட்ல இருந்து பிரிண்ட் எடுத்து வீட்லயே நிரப்பிடுங்க. போட்டோ 4க்கு 6 சென்டிமீட்டர், ஊர்ல எடுத்த போட்டோ பர்ஸ்ல இருக்குன்னு கொண்டு வருவாங்க, அந்த அளவு இங்க சரிவராது. பாஸ்போர்ட்டோட முதல் பக்கம், வந்த ஸ்டாம்ப் இருக்கற பக்கம், விசா எடுத்து வந்திருந்தா அந்தப் பக்கம், எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் ரெண்டு செட். அப்பறம் டிஎம்.30 ரசீது, வாடகை ஒப்பந்தம், உங்க பாஸ்போர்ட் காப்பி. 2025 மே மாசத்துல இருந்து வர்றவங்க எல்லாம் டிஜிட்டல் அரைவல் கார்டு (ஆன்லைன்ல நிரப்பற வருகை ஃபாரம்) போட்டுத்தானே வந்திருப்பாங்க, அதையும் ஒரு பிரிண்ட் வெச்சுக்கங்க. ஃபீஸ் ஆளுக்கு 1,900 பாட், காசாவே எடுத்துட்டு போங்க, நீட்டிப்பு கிடைக்கலைன்னாலும் அது திரும்ப வராது. உங்க மனைவியோட பிரசவத்துக்குன்னு ஆஸ்பத்திரி பேப்பர் ஒண்ணும் சேர்த்து வைங்க, கட்டாயம் இல்ல, ஆனா எதுக்கு இன்னும் ஒரு மாசம்னு ஆபீசர் கேட்டா அதை நீட்டினா பேச்சே தேவைப்படாது. எங்ககிட்ட பொண்ணோட பிறப்புச் சான்று இருந்துச்சு, அதை பாத்துட்டு கவுண்டர்ல இருந்த ஆபீசரம்மா சிரிச்சாங்க, அப்பறம் ஒரு கேள்வியும் கேக்கல.

ஒவ்வொரு காப்பிலயும் அவங்கவங்க கையெழுத்து வேணும், அது பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். எங்க அம்மா தமிழ்லதான் கையெழுத்து போடுவாங்க. மத்தவங்க எல்லாம் நின்னபடியே கிறுக்கிட்டு போவாங்க, அம்மா நாற்காலில உக்காந்து, ஃபைலை மடில வெச்சு, நீல பேனாவுல ஒவ்வொரு தாள்லயும் முழு பேரையும் எழுத்து எழுத்தா எழுதி, கடைசி எழுத்துக்கு மேல புள்ளி வெச்சுட்டுத்தான் அடுத்த தாளுக்கு போனாங்க. கவுண்டர்ல ஆபீசர் பாஸ்போர்ட்டை ஒரு கைல, காப்பியை ஒரு கைல வெச்சுக்கிட்டு வளைவு வளைவா ஒப்பிட்டு பாத்தாங்க, ஒரு தாளும் திரும்பி வரல. உங்க மாமியாரும் தமிழ்ல போடறவங்கன்னா அங்க போய் அவசரத்துல போட வைக்காதீங்க, முந்தின நாள் சாப்பிட்டுட்டு டிவி பாக்கும்போது போட்டு வெச்சுடட்டும். ஓவர்ஸ்டே பண்ணா, அதாவது தேதி தாண்டி தங்கினா, என்ன தண்டனைன்னு எனக்கு தெரியும்னு ஒரு தாள் அங்க தருவாங்க, அதுல மட்டும் அங்க போட்டா போதும்.

எந்த நாள் போறதுன்னா, திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேண்டாம், லீவுக்கு முன்னாடி நாளும் அடுத்த நாளும் வேண்டவே வேண்டாம். ஏப்ரல்ல தாய் புத்தாண்டு சோங்க்ரான் 13ல இருந்து 15 வரைக்கும், அதை ஒட்டின வாரம் முழுக்க நெரிசல்தான். செவ்வாய், புதன், வியாழன்ல போங்க. ஆபீஸ் 8:30க்கு திறந்து 4:30க்கு மூடுவாங்க, நடுவுல 12ல இருந்து 1 வரைக்கும் சாப்பாட்டு இடைவேளை. அதனால 11 மணிக்கு மேல போய் சேர்றதுதான் மோசம், டோக்கன் வாங்கறதுக்குள்ள இடைவேளை வந்துடும், அந்த ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும். திறக்கற நேரத்தை ஒட்டி போய் சேர்ந்தா நல்லது. பிங்க் லைன் ரயில் வந்ததுல இருந்து கவர்ன்மென்ட் காம்ப்ளெக்ஸ் ஸ்டேஷன்னே ஒண்ணு இருக்கு, ஆனா அங்க இருந்து இமிக்ரேஷன் ஆபீஸ் இருக்கற பில்டிங் பி வரைக்கும் நல்லா நடக்கணும், முழங்கால் வலின்னு சொல்றீங்களே, அன்னிக்கு டாக்ஸியோ கிராபோ புடிச்சு வாசல்லயே இறங்கிடுங்க, இந்த செலவுல கஞ்சம் பாக்காதீங்க.

உள்ள போனதும் ரெண்டு பேரையும் முதல்ல உக்கார வெச்சுடுங்க. பேப்பரை சரிபாத்து டோக்கன் கொடுக்கற இடத்துல நீங்க நில்லுங்க, உங்க முறை கிட்ட வரும்போது அவங்களை கூப்பிட்டா போதும். நான் வரிசைல நின்னுக்கிட்டே அம்மா அப்பா உக்காந்திருந்த பக்கம் கை காட்டினேன், ஆபீசர் எட்டிப் பாத்துட்டு தலையாட்டிட்டாங்க. ஆனா கவுண்டர்ல அவங்க நேர்ல இருந்தாகணும், போட்டோ அங்கயும் எடுப்பாங்க, பாஸ்போர்ட்டை நீங்க மட்டும் எடுத்துட்டு போய் முடிக்க முடியாது. டோக்கன் நம்பர் போர்டுல ஓடறதை நீங்களே பாத்துட்டு இருங்க, பெரியவங்களை பாக்க சொல்லாதீங்க, ரெண்டு பேருக்கும் வேற வேற கவுண்டர்ல ஒரே நேரத்துல வரவும் வாய்ப்பிருக்கு, அதனால மனைவியோ நண்பரோ இன்னொரு ஆள் கூட வந்தா பெரிய உதவி. பச்சை உடம்புக்காரியை இழுத்துட்டு போக வேண்டாம், நண்பரே போதும்.

அரைக்கால் டவுசர், கை இல்லாத பனியன் போட்டு போகாதீங்க, அரசாங்க ஆபீஸ்ல இங்க அதுக்கு ஒரு மரியாதை எதிர்பாப்பாங்க. குரலை மட்டும் உசத்தவே கூடாது. நம்ம ஊர் ஆபீஸ்ல ரெண்டு சத்தம் போட்டா வேலை நடக்கலாம், இங்க சத்தம் போட்ட அடுத்த நிமிஷம் எதிர்ல இருக்கறவங்க முகம் கதவு மாதிரி சாத்திக்கும், அதுக்கப்பறம் அதை திறக்கவே முடியாது. அம்மா கை கூப்பி வணக்கம் சொன்னாங்க, ஆபீசரும் பதிலுக்கு கை கூப்பினாங்க, இந்த விஷயத்துல நம்ம பெரியவங்க நம்மளை விட நல்லாவே பழகிடுவாங்க.

சாப்பாடு. அந்த கட்டிடத்துல சாப்பாட்டுக் கடைங்க, ஜெராக்ஸ் கடை, போட்டோ எடுக்கற இடம் எல்லாம் இருக்கு, ஒண்ணு ரெண்டு விட்டுப்போனாலும் பதறாதீங்க. ஆனா 12 மணி ஆனா அந்த வளாகத்துல வேலை பாக்கற அத்தனை பேரும் சாப்பிட வந்துடுவாங்க, உக்கார இடம் கிடைக்காது. சைவம்னா இன்னும் கஷ்டம், மீன் சாறு இல்லாத பண்டம் தேடறதுக்கே நேரம் போயிடும். டப்பால எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ கட்டிட்டு போங்க, சுகர் இருக்கறவங்களுக்கு பிஸ்கட்டும் மாத்திரையும் கைப்பையிலயே இருக்கட்டும். ஏசி நல்லா குளிரும், ஒரு சால்வை வேணும், முழங்கால் மேல போத்திக்க அதுவே உதவும்.

இன்னொண்ணு, இதை கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். நீங்க வரவே வேண்டாம், பாஸ்போர்ட்டை மட்டும் கொடுங்க, ஸ்டாம்ப் குத்தி வாங்கிட்டு வந்து தர்றேன்னு சொல்ற ஆளுங்க வருவாங்க. பேப்பர் அடுக்கித்தர, தாய் மொழில பேச ஒரு ஏஜென்ட் கூட வர்றது வேற, அதுல தப்பில்ல. ஆள் போகாம ஸ்டாம்ப் மட்டும் வருதுன்னா அது எந்த ஸ்டாம்ப்னு யாருக்கு தெரியும்? கிளம்பற அன்னிக்கு ஏர்போர்ட்ல கம்ப்யூட்டர்ல அது இல்லைன்னா மாட்டிக்கறது எழுபது வயசு மனுஷங்க. பாஸ்போர்ட்டை வெளியாள் கையில கொடுக்காதீங்க, எவ்வளவு கூட்டமா இருந்தாலும் சரி.

வேலை முடிஞ்சு பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடி புது ஸ்டாம்பை திறந்து தேதியை பாருங்க, பழைய தேதில இருந்து 30 நாள் சரியா வருதான்னு எண்ணுங்க, வித்தியாசம் இருந்தா அங்கயே கேட்டா உடனே பாத்து சொல்லிடுவாங்க. அந்தப் பக்கத்தை போன்ல போட்டோ எடுத்து மனைவிக்கும் அனுப்பிடுங்க. ரிட்டர்ன் டிக்கெட்டை புது தேதிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே மாத்திப்போடுங்க, கடைசி நாள் ராத்திரி ஃபிளைட் போடாதீங்க, ராத்திரி 12 மணி தாண்டி ஏர்போர்ட் இமிக்ரேஷன்ல ஸ்டாம்ப் குத்தினா அடுத்த நாள் கணக்குக்கு போயிடும். நடுவுல ஊர்ல ஏதாவது விசேஷம்னு ஒரு எட்டு போயிட்டு வரலாம்னு மாமனார் சொன்னா, ரீ-என்ட்ரி பர்மிட் (திரும்பி உள்ள வர்றதுக்கு முன்கூட்டியே வாங்கற அனுமதி) எடுக்காம வெளிய போனா இந்த நீட்டிப்பு அதோட முடிஞ்சுது, திரும்பி வரும்போது முதல்ல இருந்து வர்ற மாதிரிதான்னு அவர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சுடுங்க.