அடீனியத்தின் அடித்தண்டு மழைக்காலத்தில் அழுகுவது ஏன்?

மட்டக்களப்புக் கல்லடியில் வளர்க்கும் அடீனியத்தின் பருத்த அடித்தண்டு மார்கழியில் மெத்தென்றாகி நாறுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது அழுகல்தான். அடீனியம் ஆப்பிரிக்க, அரேபிய வறண்ட நிலத்துச் செடி. நீரைத் தண்டிலேயே சேமித்து வைத்திருக்கும். ஐப்பசி தொடங்கித் தை வரை இங்கே கொட்டும் வடகீழ்ப் பருவமழை அதற்கு எதற்கு? சாடியை விறாந்தைக்குள் எடுத்துவிடுங்கள். கெட்ட பகுதியை வெளிறிய உறுதியான சதை தெரியும்வரை செதுக்கி, சில நாள் நிழலில் உலரவிட்டுப் பிறகு நடுங்கள். வடியும் சாறு நஞ்சு, கையுறை அவசியம். சாடி மண்ணுக்கு ஆற்றுமணலுடன் செங்கல் நொறுங்கல், உமிக்கரி சேருங்கள். கடற்கரை மணல் உப்பு, வேண்டவே வேண்டாம்.

இனி வாங்கினால் விதைக் கன்றாகக் கேளுங்கள். கிளையை நட்டு வளர்த்த செடியும் பூக்கும்; ஆனால் சேகரிப்பவர்கள் ஆசைப்படும் அந்தத் தொந்தி போன்ற அடித்தண்டு அதற்கு எளிதில் விழாது.